தேடல் பெட்டி எடுத்துக்கொடுப்பது: ஆட்டோகம்ப்ளீட்டுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் தேடுபொறிப் பகுதியில் ஆட்டோகம்ப்ளீட், சர்ச் சஜஷன், ரெக்கமண்டேஷன் மூன்றுக்கும் நேரே ‘பரிந்துரை’ என்றே இருக்கிறது. மூன்றும் இழிவான முடிவுகளைக் காட்டக்கூடியவைதான். ஆனால் அவை உருவாகும் விதமும் திருத்த வேண்டிய இடமும் ஒன்றல்ல. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இழிவான முடிவை நீக்கக் கோரும் முறையீட்டுப் படிவத்தைத் தமிழில் எழுதினால், புகார் தவறான மேசைக்குப் போகும்.

ஆட்டோகம்ப்ளீட்டை எடுத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் நாலு எழுத்து தட்டியதும் கீழே விரியும் வரிகள் பெரும்பாலும் பிறர் முன்பு தேடிய வரிகள். வலைப்பக்கங்களில் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. தட்டிய எழுத்துகளில் தொடங்கும் பழைய தேடல்களைத் திரட்டி, எண்ணிக்கை, இடம், மொழி, அண்மைப் பரபரப்பு ஆகியவற்றை வைத்து வரிசைப்படுத்தி, இழிவானவற்றை விலக்கும் வடிகட்டியில் போட்டு, மிஞ்சும் சிலவற்றைக் காட்டுகிறார்கள். பரிந்துரை என்றால் ஒன்றை நல்லதென்று எடுத்துச் சொல்வது. இங்கே அப்படி யாரும் எதையும் பரிந்து உரைக்கவில்லை.

கூகுள் 2004 டிசம்பரில் இதைச் சோதனைக்கு விட்டபோது வைத்த பெயரே ‘சஜஸ்ட்’. 2018இல் அந்நிறுவனமே, இவை சஜஷன் அல்ல, பிரெடிக்‌ஷன் என்று விளக்கம் எழுதியது. பயனர் எதைத் தட்ட வந்தாரோ அதை முன்கூட்டி ஊகிக்கிறோம் என்பது அதன் வாதம். ஆகவே ‘தேடல் ஊகம்’ என்று முன்மொழிகிறேன்.

மு.

---

ஐயா, வணக்கம்.

> ஆகவே ‘தேடல் ஊகம்’ என்று முன்மொழிகிறேன்.

பரிந்துரை பொருந்தாது என்பதில் உடன்படுகிறேன். ஊகத்தை ஏற்க முடியவில்லை. அது நிறுவனம் தன் பக்க நியாயத்துக்காகத் தேர்ந்த சொல். ‘நீங்கள் நினைத்ததை நாங்கள் ஊகித்தோம்’ என்றால் பழி தட்டியவர் தலையில் விழுகிறது. 2013இல் ஐ.நா. மகளிர் அமைப்பு வெளியிட்ட விளம்பரப் படங்களை எண்ணிப் பாருங்கள். பெண்களின் முகங்கள், வாய் இருக்க வேண்டிய இடத்தில் தேடல் பெட்டி. ‘பெண்களால் முடியாதது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தட்டினால் வண்டி ஓட்டுவது என்றும், ‘பெண்கள் செய்யக்கூடாதது’ என்று தட்டினால் வாக்களிப்பது என்றும் வரிகள் விரிந்தன. ஓட்டுநர் உரிமம் பற்றித் தேட வந்த பெண்ணின் கண்ணிலும் அவைதான் படும். அவர் மனத்தில் இருந்ததை அது எந்த வகையில் ஊகித்தது?

நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. 2013 மே 14 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இணையத்தில் ஊட்டப்பொருளும் அழகுப்பொருளும் விற்கும் நிறுவனம் ஒன்றும் அதன் நிறுவனரும் வழக்காடிகள். நிறுவனர் பெயரைத் தட்டினால் ‘சயன்டாலஜி’ (சர்ச்சைக்குரிய ஒரு மத இயக்கம்) என்றும் ‘மோசடி’ என்றும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு தொடர்பைக் காட்டும் தேடல் முடிவு ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. கூட்டாட்சி நீதிமன்றமோ, பெயருக்கும் அந்தச் சொல்லுக்கும் உண்மையான தொடர்பு இருப்பதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார் என்றது. பெட்டி காட்டும் சொற்கள் கூகுளின் சொந்த உள்ளடக்கமே என்றும் சொன்னது. முன்கூட்டியே எல்லாவற்றையும் சோதிக்கும் கடமை இல்லை. பாதிக்கப்பட்டவர் தெரிவித்தபின் பார்த்துச் செயல்படும் கடமை உண்டு. ஊகம் என்ற சொல்லில் இந்தப் பொறுப்புக்கு இடமே இல்லை.

தமிழில் இந்தச் செயலுக்குச் சொல் இருக்கிறது. பாட மறந்தவருக்கும் பேசத் தயங்குபவருக்கும் அடுத்த சொல்லை ‘எடுத்துக் கொடுக்கிறோம்’. சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். எடுத்துக் கொடுத்தது யார், அதைச் சொன்னது யார் என்று இருவரையும் இந்தச் சொல் நிறுத்திக் காட்டுகிறது. பெயர்ச்சொல்லாக ‘எடுத்துக்கொடுப்பு’. நீளம் என்றால் ‘சொல்லெடுப்பு’.

செ.

---

செ. அம்மாவின் ‘எடுத்துக்கொடுப்பு’ எனக்கு ஏற்புடையது. ‘சொல்லெடுப்பு’ வேண்டாம். பக்கங்களிலிருந்து தரவை உருவி எடுப்பதையும் ‘எடுப்பு’ என்கிறார்கள், குழப்பம் வரும். பொத்தானில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கட்டும், சொல்லை நறுக்க வேண்டாம்.

வடிகட்டியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். வரையறையில் அது இல்லாவிட்டால், தமிழில் ஏன் இவ்வளவு அழுக்கு தங்குகிறது என்பது புரியாது. ஆங்கிலத்துக்குச் செய்ததுபோல் விலக்கிய சொற்களின் பட்டியலை வைத்து முழுச்சொல்லாக ஒப்பிட்டால் தமிழில் பெரும்பாலானவை பிடிபடாது. வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல் மாறிவிடும். ‘நாய்’ பட்டியலில் இருந்தால் ‘நாயே’, ‘நாயை’, ‘நாய்களை’ எல்லாம் தப்பிவிடும். சரி, புள்ளியை எடுத்துவிட்டு ‘நாய’ என்ற துண்டு வரும் இடத்தையெல்லாம் தடுப்போம் என்றால் நாயகன், நாயன்மார், நாயனம் எல்லாம் மாட்டும். ஆகவே உருபு பிரிக்கும் நிரலை முதலில் ஓட்டி, வேர்ச்சொல்லை எடுத்து, அதன்பின்தான் ஒப்பிட வேண்டும். சாதி வசைகளில் இது இன்னும் சிக்கலானது. ஒரே சொல் ஒரு தொடரில் சமூகத்தின் பெயர், இன்னொன்றில் வசவு. அங்கே சொல்லைத் தனியாகப் பார்க்காமல் தொடரைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினி எண்ணாகப் பதியும் முறை. ‘கொ’வின் உயிர்க்குறி யூனிக்கோடில் ஒரே குறியாகவும் (குறியெண் 0BCA) வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு இரண்டு. இப்படி இரு விதமாகப் பதிந்ததை ஒன்றாக்கும் ‘இயல்பாக்கம்’ இதைச் சரிசெய்துவிடும். ‘கௌ’வைச் சிலர் ‘கெ’யும் ‘ள’வுமாகத் தட்டுவதை அது சரிசெய்யாது, தனி விதி எழுத வேண்டும். நடுவே கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறிகளைச் செருகி வடிகட்டியை ஏமாற்றுவதும் உண்டு. ஒப்பிடும் முன் அவற்றைக் களைய வேண்டும். இதே வசவை ரோமன் எழுத்தில் தட்டும்போது ஒவ்வொருவர் எழுத்துக்கூட்டலும் ஒவ்வொரு விதம். தமிழ் எழுத்துப் பட்டியல் அங்கே உதவாது.

எண்ணிக்கையும் சிக்கல்தான். ஆங்கிலத்தில் ஒரு தொடக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் தேடல்கள் குவியும்; ஒரு சின்னக் கூட்டம் அதை எளிதில் அசைக்க முடியாது. தமிழில் ஓர் ஊர்ப் பெயருக்கு 40 தேடல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஒரே வசையைத் தேடினால் அது மேல்வரிசைக்கு வந்துவிடும். வந்தபின் பார்த்தவர்கள் திகைப்பில் அதைச் சொடுக்குவார்கள். அந்தச் சொடுக்கும் எண்ணிக்கையில் சேர்ந்து அதை அங்கேயே உட்கார வைக்கும். தடுக்க வேண்டுமானால், முழுதாகத் தட்டிய தேடலையும் பட்டியலில் சொடுக்கிய தேடலையும் பதிவேட்டில் பிரித்து வைத்து, முன்னதை மட்டும் எண்ண வேண்டும். தேடல்களை எண்ணாமல் தேடிய ஆட்களை எண்ண வேண்டும். ஆள்பெயருக்கும் சமூகப் பெயருக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையை உயர்த்தி வைக்க வேண்டும். எட்டாவிட்டால் எதையும் காட்டாமல் இருப்பதே மேல்.

இனி, 2021 ஜூனில் கன்னடத்துக்கு நடந்தது. இந்தியாவின் அசிங்கமான மொழி எது என்று ஆங்கிலத்தில் கேட்டதற்குக் கூகுள் கன்னடம் என்று காட்டியது. கர்நாடக அரசு கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நீக்கியது. அது எடுத்துக்கொடுப்பு அல்ல. ஒரு பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிய்த்து, விடைபோல் மேலே பெட்டி கட்டிக் காட்டும் வசதி. பொறுப்பானவர்கள் அப்படி ஒரு கேள்விக்குப் பக்கமே எழுத மாட்டார்கள். எழுதிய ஒரே குப்பைப் பக்கம் விடையாகிவிடுகிறது. அதற்கு ‘முகப்பு விடை’ என்று தனிச்சொல் வேண்டும்.

கு.

---

ஏற்கிறேன், ஊகத்தைத் திரும்பப் பெறுகிறேன். பரிந்துரையைக் காணொளி, பொருள், செய்தி ஆகியவற்றைப் பயனர் கேட்காமலே முன்வைக்கும் அமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். தேடுபொறி போல் ‘பரிந்துரைப் பொறி’. 2021இல் கறுப்பின ஆண்கள் இருந்த காணொளியின் கீழ் ‘குரங்கினக் காணொளிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமா’ என்று ஃபேஸ்புக் கேட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு அந்த வசதியை நிறுத்தியது. அது பரிந்துரைப் பொறியின் பிழை. அங்கே தேடல் எண்ணிக்கையைத் திருத்திப் பயனில்லை. படத்துக்குப் பெயரிடும் நிரலைத் திருத்த வேண்டும்.

இழிவான முடிவுகளையும் இரண்டாகப் பிரிக்கலாம். தனி ஆளைப் பற்றியது ‘பழிக்கும் எடுத்துக்கொடுப்பு’. ஜெர்மன் வழக்கு இந்த வகை. சமூகத்தையோ பாலினத்தையோ பற்றியது ‘இழிக்கும் எடுத்துக்கொடுப்பு’. முன்னதில் பாதிக்கப்பட்டவரே முறையிடுவார். பின்னதில் எவரும் முறையிடலாம். படிவத்தில் இரண்டுக்கும் தனிக் கட்டம் வேண்டும். தட்டிய எழுத்துகள், விரிந்த வரி, நாள், மொழி அமைப்பு ஆகிய நான்கும் கட்டாயம். தட்டிய எழுத்துகள் இல்லாமல் வரியை மட்டும் அனுப்பினால் மறுமுனையில் அதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாது.

பொத்தானுக்கு: ‘இந்த எடுத்துக்கொடுப்பை நீக்கக் கோருக’. வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

மு.