முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள்

பெரியப்பா: பட்டா நகல் எடுக்கக் கூகுளில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் 350 ரூபாய் கேட்கிறார்கள். கட்டிவிடட்டுமா?

நான்: வேண்டாம் பெரியப்பா, கட்டாதீர்கள்! அரசுத் தளத்தில் பட்டா பார்க்க ஒரு பைசா கிடையாது.

அத்தை: போன மாதம் நானும் இப்படித்தான் ஏமாந்தேன் அண்ணா. பணமும் போயிற்று, நகலும் வரவில்லை.

பெரியப்பா: பார்வைக்கு அரசுத் தளம் போலத்தானே இருக்கிறது?

நான்: முகவரியின் கடைசியைப் பாருங்கள். ஜிஓவி டாட் ஐஎன் என்று இருக்கிறதா? தேடும்போதே மற்ற தளங்களைத் தள்ளிவிடலாம். பட்டா சிட்டா என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் சைட், முக்காற்புள்ளி (:), அதை ஒட்டியே ஜிஓவி டாட் ஐஎன். படம் அனுப்புகிறேன், அப்படியே எழுதுங்கள்.

நான்: [படம்]

பெரியப்பா: பழைய தளமே மறுபடி வருகிறதே அம்மா.

நான்: முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்திருக்கிறதா?

பெரியப்பா: ஆமாம், கைபேசி தானாகவே விட்டிருக்கிறது. அழித்துவிட்டேன். இப்போது எல்லாம் அரசுத் தளங்கள்தான்!

தம்பி: மேலே விளம்பரம் வந்தால் அதைத் தொடாதீர்கள் பெரியப்பா. விளம்பரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அத்தை: எனக்குப் பட்டாவில் பெயரை மாற்ற வேண்டும். "பட்டா பெயர் மாற்றம்" என்று மேற்கோள் குறிக்குள் போட்டேன். அதிகம் வரவில்லை.

நான்: நாம் பெயர் மாற்றம் என்கிறோம் அத்தை, வருவாய்த் துறை எழுதுவது பட்டா மாறுதல். மேற்கோள் குறி போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களைத்தான் தேடும். "மாறுதல்" என்று குறிக்குள் போட்டால், "மாறுதலுக்கு" என்று எழுதிய பக்கம்கூட விடுபட்டுப்போகும். உருபுகள் ஒட்டிக்கொண்டே வரும் நம் மொழியில் இது பெரிய இடைஞ்சல். அதனால் தமிழில் தேடும்போது முதலில் குறி போடாமலே தேடிப் பார்ப்பேன்.

தம்பி: விண்ணப்பப் படிவம் மட்டும் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஃபைல்டைப், முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் அத்தை. இதிலும் இடைவெளி கூடாது.

பெரியப்பா: மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் கொடுத்தேன். புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேட்டது, பழைய பத்திரத்தைப் பார்த்துப் போட்டேன். பட்டா வந்துவிட்டது. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

அத்தை: அப்படியானால் அந்தப் பட்டா மாறுதல் உங்களுக்கும் வேண்டும் அண்ணா. படிவம் கிடைத்ததும் இரண்டாக அச்செடுக்கிறேன்.