மூழ்கிய கப்பல் மீன்களுக்கு வீடா, நஞ்சா?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையின் கடைசி நாட்களில் குளச்சலுக்கு அருகே உள்ள நாத்தனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய செய்தியைப் படித்திருந்தேன். ஆனால் அது நாங்கள் போகும் கரைக்கே வந்து சேரும் என்று நினைக்கவில்லை. ஒருநாள் காலையில் கடற்கரைக்குப் போனபோது, அலை ஏறி இறங்கிய கோடு நெடுக ஜவ்வரிசியைக் கொட்டிவைத்தது போல வெள்ளை மணிகள் கிடந்தன. ஏழாம் வகுப்புக்குப் போகும் என் மகள் ஒரு கை அள்ளி, காலி ஊறுகாய்ப் புட்டியில் போட்டுக்கொண்டாள். மணலைத் தட்டித் தட்டி எடுத்தும் பாதி மணல்தான் வந்தது. மணலையும் மணியையும் பிரிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

அந்தப் புட்டி இப்போது எங்கள் வீட்டுச் சன்னல் விளிம்பில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "மூழ்கின கப்பலில் மீனும் பவளமும் குடியேறும் என்று படித்தேனே, அப்படியானால் கப்பல் மூழ்குவது அவற்றுக்கு நல்லதுதானே அம்மா?" எனக்கு விடை தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் மறைந்துவிட்டால் பாதிப்பும் முடிந்துவிடுகிறதா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால், அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வேன்.

மறுமொழி: குன்னூர், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்

அம்மா, உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. நான் இருபத்தாறு ஆண்டுகள் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மீன்களுக்காகத் திட்டமிட்டு மூழ்கடிக்கப்படும் கப்பல் வேறு, விபத்தில் மூழ்கும் கப்பல் வேறு. அமெரிக்கக் கடற்படையின் ஒரிஸ்கனி என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை 2006இல் புளோரிடாவுக்கு அப்பால் செயற்கைப் பாறையாக மூழ்கடித்தார்கள். அதற்கு முன் அதிலிருந்த எண்ணெயையும் வேறு பல நச்சுப் பொருட்களையும் அகற்றுவதற்கே நெடுநாள் உழைத்தார்கள். விபத்தில் மூழ்கும் கப்பலோ சமையல் பாதியில் நின்ற அடுப்படி போல எல்லாவற்றோடும் கீழே போகிறது. எல்சா 3இல் 640 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு இருந்தது. அது தண்ணீர் பட்டால் தீப்பற்றக்கூடிய அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். இவை தவிர எரிபொருள் தொட்டிகளில் ஏறத்தாழ 84 டன் டீசலும் 367 டன் பர்னஸ் ஆயிலும் இருந்தன.

இந்தப் பர்னஸ் ஆயிலைப் பற்றி ஒரு சொல். குன்னூரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்தக் குணம் உள்ளதுதான். கப்பலில் நாங்கள் தொட்டியை நீராவிக் குழாய்களால் சூடேற்றினால்தான் அதை இறைக்க முடியும். குளிர்ந்த ஆழத்தில் அது தடித்துப்போய்த் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் வரவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் காலத்தில் இரும்பு மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். பசிபிக்கில் உள்ள யுலித்தி பவளத்தீவில் 1944இல் மூழ்கிய மிசிசினேவா என்ற எண்ணெய்க் கப்பல், 57 ஆண்டுகள் கழித்து 2001இல்தான் கசியத் தொடங்கியது. ஆகவே, எண்ணெய் மறைந்தால் பாதிப்பு முடிந்ததா என்ற கேள்விக்கு என் விடை, தொட்டிகளைக் காலி செய்யும் வரை முடியவில்லை என்பதே. உடைந்த கப்பலை அகற்றும் பொறுப்பு அதன் உரிமையாளருடையது என்று 2007ஆம் ஆண்டின் நைரோபி உடன்படிக்கை சொல்கிறது. அது 2015இல் நடைமுறைக்கு வந்தது. என்னைக் கேட்டால் மூழ்கிய கப்பல் எதையும் கடலில் விட்டுவைக்கக் கூடாது. கோவா கண்டோலிம் கரையில் 2000இல் தரைதட்டிய ரிவர் பிரின்சஸ் கப்பலை அகற்றி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்தக் கரையின் மணல் எவ்வளவோ அரிக்கப்பட்டுவிட்டது.

மறுமொழி: கொடைக்கானல் ஆசிரியர்

பறவைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு; உங்கள் மகளும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கோழி இறகை எடுத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதால்தான் அது நனைவதில்லை. பிறகு அதே இறகை நல்லெண்ணெயில் தோய்த்துவிட்டுத் தண்ணீர் விட்டால், இழைகள் திரிபோலச் சேர்ந்துகொள்ளும். இடையில் பிளவுகள் விழும். தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கடற்பறவைக்கு அந்தப் பிளவு வழியாகக் குளிர்நீர் தோலைத் தொடும். அது உடற்சூட்டை இழந்து, மிதக்கவும் முடியாமல், அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கியே சாகிறது. இங்கே பனி இறங்கும் இரவில் நனைந்த கம்பளியோடு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் என் மாணவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

2000 ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவில் ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது ஏறத்தாழ 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின்கள் மேல் எண்ணெய் படிந்தது. தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். அதைவிட என்னை வியக்கவைத்தது, எண்ணெய் படாத 19,500 பறவைகளை முன்கூட்டியே பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் கொண்டுபோய்க் கடலில் விட்டதுதான். அவை நீந்தித் தம் தீவுக்குத் திரும்பி வருவதற்குள் இங்கே எண்ணெயை அகற்றிவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது.

ஆனால் அவசரத்தில் செய்யும் வைத்தியமே நோயைவிடக் கொடியதாகிவிடுவதும் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது, பாறைகளில் படிந்த எண்ணெயைக் கரைக்க டன் கணக்கில் சலவைக் கரைப்பான்களைத் தெளித்தார்கள். எண்ணெயில் தப்பிய பாறைநத்தைகள் அந்தக் கரைப்பானில் செத்தன. அவை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த பாசி பாறையெங்கும் மண்டியது. கரைப்பான் மிகுதியாகப் பட்ட இடங்கள் பழைய நிலைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுமொழி: உதகை மாணவி, தூத்துக்குடியில் கடல் உயிரியல் படிக்கிறேன்

குன்னூர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் கப்பலையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எண்ணெயை எடுப்பதில் இரண்டாம் பேச்சு கிடையாது. இரும்புக் கூட்டை எடுப்பதா என்பது அது கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. வெறும் சேற்றுத் தரையில் கிடந்தால் அதில் மீன் சேருவது உண்மைதான். தங்கையின் கேள்வியில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பவளப்பாறை மேல் கிடந்தால் கதை வேறு. பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. அதைச் சுற்றிப் பவளத்தைப் போலவே தோன்றும், ஆனால் பாறையைக் கட்டாத ஓர் உயிரினம் பெருகி, ஒரு சதுர கிலோமீட்டருக்கும் மேல் பவளத்தை மூடிவிட்டது. துருவிலிருந்து கரையும் இரும்பே அதற்கு உரமாயிற்று என்று கருதப்படுகிறது. நம் நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரம் பரவியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பச்சையாகத்தான் தெரியும், ஆனால் அங்கே வாழ்ந்த எதுவும் அதில் வாழாது. கடைசியில் 2013இல் அந்தக் கப்பலை அங்கிருந்து அகற்றினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளம் இருப்பதால் எனக்கு இது வெறும் பாடமாகத் தெரியவில்லை.

இனிப் புட்டியில் இருக்கும் மணிகள். அவை பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். மீன்முட்டை என்று நம்பி மீன்களும் பறவைகளும் விழுங்கிவிடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால், கொச்சிக்கு அப்பால் கொட்டியது குமரிக் கரைக்கு வந்தது இயல்பே. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 டன் மணிகள் கடலில் கலந்தன. அதன்பின் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரையொதுங்கின. நம் கிழக்குக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவது சனவரி முதலான மாதங்களில். எந்த மாதத்தில் விபத்து நடக்கிறது என்பதைப் பொறுத்தே அவற்றின் கதி அமையும். 2017 சனவரி இறுதியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது சரியாக அந்தக் காலத்தில்தான்.

மறுமொழி: கோத்தகிரி வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை நல்லெண்ணெயும் கோழி இறகும் வைத்துச் சோதனையைச் செய்து பார்த்தோம். எண்ணெய் ஏறிய இறகைச் சோப்புப்போட்டுக் கழுவி, மூன்றாம் முறை அலசிய பிறகுதான் இழைகள் ஓரளவு பிரிந்தன. "19,000 பறவையையும் இப்படியா கழுவினார்கள்?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் அந்த இறகையே நீவிக்கொண்டிருந்தாள். அந்தப் புட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்ட ஆசைப்படுகிறாள். கொடுத்தனுப்பலாமா?

மறுமொழி: உதகை மாணவி

தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள் அக்கா. ஆனால் மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலில் கலந்திருக்கும் நச்சுப் பொருட்களைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும் குணம் இந்த மணிகளுக்கு உண்டு. முன்பே வெறுங்கையால் தொட்டிருந்தால் கவலை வேண்டாம், சோப்புப்போட்டுக் கை கழுவினால் போதும். புட்டியில் ஊர், நாள், அலைக்கோட்டில் எடுத்தது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் நாத்தனார் வீட்டுக்குப் போனால், அதே இடத்தில் ஒரு முழம் அகலம் மணலைச் சல்லடையில் சலித்து எத்தனை மணிகள் இருக்கின்றன என்று எண்ணி இங்கே எழுதட்டும், நான் காத்திருக்கிறேன்.