டயர் மாத்தினதுக்கப்புறம் உரசுற சத்தம்: உங்களுக்கு எங்க, எப்ப வந்துச்சு?

ஈஜிபுரா_ஸ்விஃப்ட்:
185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ, பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச்) டயர் இருந்த இடத்துல 205/65 ஏத்தினேன், அதே ரிம். கடைக்காரர் "வண்டி கெத்தா நிக்கும் சார்"னார், நின்னுச்சு. வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட் ராம்ப்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சதும் இடது பக்கம் சர்ர்ர்னு ஒரு இழுவை. வாட்ச்மேன் தாத்தா சேரை விட்டே எழுந்துட்டார். கடைக்கு போன் போட்டா "ஓட ஓட செட் ஆயிடும்"ங்கிறார். எது செட் ஆகும், டயரா, இல்ல சக்கரத்துக்கு மேல உள்பக்கம் மூடியிருக்கிற பிளாஸ்டிக் லைனரா? மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். லைனர்ல உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு, அதுக்குக் கீழ ரப்பர் தூள் சுருண்டு சுருண்டு ஒட்டியிருக்கு. அதைப் பார்த்ததுல இருந்து ரோட்டுல யூ-டர்ன் அடிக்கவே மனசு வரல.

ஓசூர்_ரோடு_டெய்லி:
உங்களுக்கு முன்னாடி, எனக்குப் பின்னாடி. தனியா ஆபீஸ் போறப்ப சத்தமே கிடையாது. தீபாவளிக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டு, டிக்கியையும் அடைச்சுக்கிட்டுக் கிளம்பினோம். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் 'டர்ர்'. அப்பா "டிக்கில என்னடா உருளுது"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். அத்திப்பள்ளி தாண்டி ஓரங்கட்டிப் பார்த்தா, பின் டயரோட வெளி ஓரத்துல பிளேடால கீறின மாதிரி சுத்தி ஒரே கோடு. சக்கரத்துக்கு மேல இருக்கிற ஃபெண்டருக்குள்ள மடிச்சு விட்டிருக்கிற தகடு பண்ணின வேலை. அதுக்கப்புறம் ஊர் போற வரைக்கும் நாப்பதைத் தாண்டல.

கணக்கு_மாமா:
ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான், ஆஃப்செட்டைப் (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து, அது வண்டியில மாட்டுற இடம் எவ்வளவு தள்ளியிருக்குங்கிற அளவு) பார்க்காம அலாய் ரிம் வாங்குறது. ரிம்முக்குப் பின்பக்கம் 'ஈடி'ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் ஆஃப்செட், மி.மீல. ஈடி 45 இருந்த இடத்துல 35 போட்டா சக்கரம் 10 மி.மீ வெளியே வரும். அகலத்தையும் 1 இஞ்ச் கூட்டினா வெளிப்பக்கம் இன்னும் 12.7 மி.மீ சேரும். ஆக மொத்தம் 22 மி.மீக்கு மேல. ஆளு ஏறி வண்டி அமுங்கினா ஃபெண்டர்ல படாம என்ன செய்யும்? பெரிய ரிம்தான் வேணும்னா மொத்த விட்டம் மாறாம எடுங்க. 185/65 ஆர்15 விட்டம் 621.5 மி.மீ, 195/55 ஆர்16 போட்டா 620.9. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. சக்கரத்தை வெளியே தள்ள நடுவுல வைக்கிற ஸ்பேசர் பக்கமே போகாதீங்க. காத்து அழுத்தத்தை மாசம் ஒருதடவை...

மர்ஃபிடவுன்_மணி:
மாமா, முதல்ல எழுதினவர் அலாயே மாத்தலையே! அதே ரிம்னு தெளிவா சொல்லியிருக்கார். அவரோடது சைஸ் பிரச்சினை. 205/65ன்னா விட்டம் 647.5, அதாவது மேல, முன்ன, பின்ன எல்லாப் பக்கமும் 13 மி.மீ கூடுது. அகலத்துல பக்கத்துக்கு 10. ஒடிச்சா லைனர்ல இடிக்கத்தான் செய்யும். அலைன்மென்ட் பார்த்தா சரியாயிடும்னு எவனாவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

என் கதை வேற. அதே சைஸ், அதே ரிம், புது டயர் மட்டும்தான். ஆனாலும் வலது பக்கம் மட்டும் சத்தம், அதுவும் ஸ்பீட் எடுத்தா. ஒரு பக்கம் மட்டும்னதும் சந்தேகம் வந்து கையை விட்டு ஆட்டினேன், லைனர் கையோடயே வந்துச்சு. கிளிப் ரெண்டைக் காணோம். காத்துல உப்பி டயர்ல பட்டிருக்கு.

ஓசூர்_ரோடு_டெய்லி:
மாமாவைத் திட்டாதீங்க, எனக்கு அது கரெக்ட். நான் போட்டது அலாய்தான், இப்பதான் பார்த்தேன், ஈடி 35.

டிரைவர்_அண்ணாச்சி:
இவ்ளோ கணக்கு எதுக்கு தம்பி. சாக்பீஸை எடுத்து டயர் ஓரம், உள்பக்கம் ரெண்டுலயும் அடர்த்தியா தேய். முழுசா ஒடிச்சு முன்னாடி ஒரு ரவுண்டு, ரிவர்ஸ்ல ஒரு ரவுண்டு, அப்புறம் நாலு ஆள் ஏத்தி ஒரு ஹம்ப். எங்க சாக்பீஸ் அழியுதோ அங்க உரசுது. லைனர்ல பட்டா கடைக்காரன்கூட சண்டை போட டைம் இருக்கு. உள்பக்கம் ஸ்ட்ரட்லயோ (சஸ்பென்ஷன் தண்டு) பிரேக் ஆயில் போற ஹோஸ்லயோ பட்டா வண்டியை எடுக்காத, அன்னிக்கே கழட்டு.

ஃபெண்டர் மடிப்பைத் தட்டிக்கலாம்னு யாராவது சொல்வாங்க. ஹீட் கன்ல சூடு பண்ணாம தட்டினா பெயின்ட் உரிஞ்சு, ஒரே மழையில துரு.

ஈஜிபுரா_ஸ்விஃப்ட்:
அண்ணாச்சி, தேய்ச்சுப் பார்த்துட்டேன். லைனர் மட்டும்தான், ரெண்டு பக்கமும். ரிவர்ஸ்ல இன்னும் அதிகம். சனிக்கிழமை பழைய சைஸே போடச் சொல்லிக் கடைக்குப் போறேன். டயர் ஓட்டியாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்னுதான் சொல்வாங்க. கன்னடத்துல நல்லா சண்டை போடத் தெரிஞ்சவங்க யாராவது கூட வர்றீங்களா? மதியம் பிரியாணி என் செலவு.