பதில்: சூழல் மாற்றத்தோட நெடுங்காலப் பொருளாதார விளைவு – கலைச்சொல்

> "நீண்டகாலப் பாதிப்பு"ன்னே வச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

அண்ணே, சூழல் மாறுறதால பல வருசத்துக்கு வருமானம் அடிபடுறதுக்குத்தானே தமிழ்ல ஒரு சொல் தேடுறோம். நீங்க சொல்றது புரியும்தான், ஆனா அது எத்தனை நாளுங்கிறத மட்டும்தான் சொல்லுது, போனது திரும்புமாங்கிறத சொல்லல. பொருளாதாரத்துல இத ரெண்டா பிரிக்கிறாங்க, வருமானம் ஒருதடவ ஒரு படி இறங்கிட்டு பழைய வேகத்துலயே ஏறுறது ஒண்ணு, ஏறுற வேகமே கொறஞ்சுபோறது இன்னொண்ணு. ரெண்டாவதுல, வந்திருக்க வேண்டிய வருமானத்துக்கும் நெசமா வர்றதுக்கும் வருசத்துக்கு வருசம் இடைவெளி கூடிக்கிட்டே போகும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா எப்புடி?

நம்ம கடற்கரையையே எடுத்துக்கங்க. 1964 டிசம்பர் புயல்ல பாம்பன் பாலமும் போச்சு, தனுஷ்கோடியும் போச்சு. பாலத்த 46 நாள்ல சரிபண்ணி ரயில் விட்டாங்க, தனுஷ்கோடிக்கு தண்டவாளம் திரும்பப் போடவே இல்ல, இலங்கைத் தலைமன்னாருக்குப் போற கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிருச்சு, அத நம்பி இருந்த பொழப்பும் போயிருச்சு. 2017ல ரோடு வந்தபிறகு டூரிஸ்ட் வர்றாங்க, நல்லதுதான், ஆனா அது வேற தொழில்.

இது ஒரே ராத்திரியில நடந்தது. மெதுவா நடக்குறதுதான் எனக்குக் கவலை. கடல்சூடு ஏறி 1998, 2010, 2016ன்னு மன்னார் வளைகுடாவுல பவளப்பாறை வெளுத்துச்சு, பவளப்பாறை செத்தா மீன்குஞ்சுக்கு ஒதுங்க எடம் இல்ல. பாம்பன் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்கிற பொம்பளைங்க விரல்ல துணியச் சுத்தி, கால்ல செருப்ப மாட்டிக்கிட்டு முங்குறாங்க. அப்புடி ஒரு வீட்டுல வரும்படி கொறஞ்சா மொத அடி புள்ளைங்க படிப்புக்கு, இல்ல வலை மாத்துறது தள்ளிப்போகும், அடுத்த வருசம் சம்பாதிக்கிற தெம்பே அதோட போகுது. அமெரிக்காவுல 1930கள்ல புழுதிப்புயல் அடிச்சு மண்ணு போன பகுதிகள்லயும் பயிர மாத்தி சமாளிச்சத விட ஜனங்க ஊர விட்டுப் போனதுதான் அதிகம்னு பொருளாதார ஆய்வாளர் ஹார்ன்பெக் 2012ல எழுதுனாரு, இறங்குன நெலமதிப்பும் பல வருசம் முழுசா மீளல.

அதனால ஒருதடவ படி இறங்குறதுக்கு "படியிறக்கம்", ஏறுற வேகமே கொறையுறதுக்கு "வளர்ச்சித் தேய்வு"ன்னு வைக்கலாம்.

> தம்பி, படியிறக்கம் சரி. தேய்வு வேணாம், காமர்ஸ் புத்தகத்துல தேய்மானம் (பொருள் பழசாகி மதிப்பு கொறையுறது) ஏற்கனவே இருக்கு, புள்ளைங்க கொழம்பும். சுணக்கம்?

சுணக்கம்னா அடுத்த வருசம் சரியாயிரும்ங்கிற மாதிரி இருக்குண்ணே. நலிஞ்ச தொழில்னு பேப்பர்ல எழுதுறாங்கல்ல, அதுல இருந்து "வளர்ச்சி நலிவு" எடுத்துக்கலாமா? வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "கடல்சூடு ஏறியதால் மீனவக் குடும்பங்களின் வருமானத்தில் ஏற்பட்டது படியிறக்கம் அல்ல, வளர்ச்சி நலிவு." யாருக்காவது இடிச்சா சொல்லுங்க.