கட்டட மாடல், ஸ்ட்ரக்சர் மாடல், எம்.இ.பி. மாடல்: மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை

கேள்வி

வணக்கம். ஆறு மாடி மருத்துவமனை ஒன்றுக்கு முப்பரிமாணக் கணினி மாடல்களின் ஒருங்கிணைப்பு என் பொறுப்பில் இருக்கிறது. ஆர்கிடெக்ட் ரெவிட் மென்பொருளில் வரைகிறார், ஸ்ட்ரக்சர் (தூண், பீம், ஸ்லாப்) டெக்லா மென்பொருளில் வருகிறது, ஏசி, பிளம்பிங், எலெக்ட்ரிகல் மூன்றும் (எம்.இ.பி.) வேறொரு குழுவிடம். எல்லோரிடமும் ஐ.எஃப்.சி. கோப்பு (வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் பொது வடிவம்) வாங்கி, மாடல்களைச் சேர்த்துப் பார்க்கும் நேவிஸ்வொர்க்ஸில் சேர்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் ஸ்ட்ரக்சர் சரியாக 75 மி.மீ. கீழே இருந்தது. கதவுகள் கான்கிரீட்டைத் தொடாமல் மிதந்தன. அதனால் ஸ்ட்ரக்சர் மாடலை 75 மி.மீ. மேலே தூக்கி வைத்தேன். அப்புறம் கிளாஷ் (இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று இடிக்கும் இடங்கள்) பார்த்தால் 3,400க்கு மேல். இரண்டு வாரமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன், முடியவில்லை.

இன்னொன்று. எந்தக் கதவு தீத்தடுப்புக் கதவு என்பது ஆர்கிடெக்ட் மாடலில் இருக்கிறது, எந்தக் கதவுக்குக் கார்டு ரீடர் என்பது எலெக்ட்ரிகல் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஐ.எஃப்.சி. தரும் தனி அடையாளமான குளோபல் ஐடியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் புது மாடல் வந்ததும் பாதிக் கதவுகள் காணவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1 (ஸ்ட்ரக்சர் பக்கத்திலிருந்து)

முதலில் அந்த 75 மி.மீ.யைத் திரும்ப இறக்கிவிடுங்கள். அது தவறே இல்லை. ஆர்கிடெக்ட் மட்டம் என்று சொல்வது டைல்ஸின் மேல்பரப்பு, நாங்கள் சொல்வது கான்கிரீட்டின் மேல்பரப்பு. நடுவில் இருப்பது சாந்தும் டைல்ஸும். நீங்கள் தூக்கியதில் பீமின் அடிப்பகுதியும் 75 மி.மீ. மேலே போய்விட்டது. பீமுக்குக் கீழே டக்டுக்கு (ஏசி காற்றுக் குழாய்க்கு) இடம் இருப்பதாக மாடல் காட்டும், சைட்டில் இருக்காது. 3,400 கிளாஷை விட எனக்கு இதுதான் பயம். இரண்டு மட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு உயரம் இருந்தால் யாராவது ஒருவர் மறுபடியும் தூக்கி வைப்பார்.

பதில் 2

பதினோரு வருடமாக இதே வேலையில் இருப்பதால் சொல்கிறேன், 3,400 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஆர்கிடெக்ட் மாடலிலும் தூணும் ஸ்லாபும் இருக்கும், ஸ்ட்ரக்சரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒவ்வொரு தூணும் ஒரு கிளாஷ். கான்கிரீட் அளவும் இரட்டிப்பாகும். சோதனையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பொருளுக்கு யார் சொந்தக்காரர்? தூண், பீம், ஸ்லாப் ஸ்ட்ரக்சருடையது என்று எழுதி வைத்து, மற்ற மாடல்களில் உள்ளதைச் சோதனையிலிருந்து நீக்குங்கள். நாங்கள் கோப்பு அனுப்பும் முன் எல்லா மாடலிலும் ஏ-1 கிரிட் சந்திப்பில் (ஏ, 1 என்ற தூண் வரிசைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில்), பூஜ்ஜிய மட்டத்தில், 1 மீட்டர் கனசதுரம் ஒன்று வைப்போம். கனசதுரங்கள் பொருந்தவில்லை என்றால் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். குளோபல் ஐடி என்பது 22 எழுத்துகள் கொண்ட அடையாளம். அது வரைந்த பொருளுக்குத்தான் சொந்தம். ஆர்கிடெக்ட் கதவை அழித்துவிட்டு அதே இடத்தில் வேறு கதவு போட்டால் ஐடி மாறிவிடும், சைட்டில் கதவு அதேதான். ஆகவே கதவு எண்ணை இரண்டு பட்டியல்களையும் இணைக்கும் அடையாளமாக வையுங்கள், அறை எண்ணோடு சேர்த்து. அதை ஆர்கிடெக்ட் மட்டுமே மாற்றலாம் என்றும் முடிவு செய்யுங்கள். தீத்தடுப்பு நேரத்தை ஒருவர் '2 மணி' என்றும் இன்னொருவர் '120' என்றும் எழுதியிருப்பார்கள். ஐ.எஃப்.சி.யில் கதவுகளுக்கான பொதுப் பண்புத் தொகுப்பில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, எல்லோரும் அதில் ஒரே மாதிரி எழுத வேண்டும். இந்த மாதிரி விதிகளைக் கணினி படிக்கும்படி எழுத ஐ.டி.எஸ். என்ற தரத்தை, ஐ.எஃப்.சி.யைப் பராமரிக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு 2024இல் வெளியிட்டது. எழுதி வைத்துவிட்டால் விடுபட்டது எது என்பதைக் கோப்பு வந்த அன்றே பார்த்துவிடலாம்.

பதில் 3

பிழைகளைச் சொல்ல முழு மாடலை அனுப்பாதீர்கள். பிழைக் குறிப்புகளை மட்டும் கொண்டுபோகும் சிறு கோப்பான பி.சி.எஃப். போதும். பார்வைக் கோணம், பொருளின் ஐடி, குறிப்பு மட்டும் போகும். திருத்துவது அந்தந்தக் குழு, அவர்களுடைய மூல மாடலில்.

கேள்வி கேட்டவர்

மட்டத்தைத் திரும்ப இறக்கினேன், இரட்டைத் தூண்களையும் ஸ்லாபுகளையும் நீக்கினேன். 3,400 போய் 212 ஆனது. ஆனால் இரண்டாம் மாடி நடைபாதையில் முன்பு காட்டாத ஒன்று இப்போது தெரிகிறது: பிரதான டக்டின் இன்சுலேஷன் ஆறு பீம்களிலும் 30 மி.மீ. உள்ளே போகிறது. நான் தூக்கி வைத்தபோது அங்கே 45 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் காட்டியது. அதற்கான பி.சி.எஃப்.ஐ இன்றே ஏசி குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கதவு எண் பற்றி நாளை ஆர்கிடெக்டிடம் பேசுகிறேன்.