அண்டர் தி ஸ்கின்: எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?

கடைசிவரிசை: ஜோனதன் கிளேசரின் 2013 படத்தை நேற்று இரவு பார்த்தேன். வேற்றுகிரகப் பெண்ணாக வரும் ஸ்கார்லெட் ஜோஹான்சன் வேன் ஓட்டுகிறார், ஆண்களை ஏற்றிக்கொள்கிறார், அவர்கள் கறுப்புத் திரவத்தில் மூழ்குகிறார்கள். பேச்சும் குறைவு. பாதியில் கைபேசியை எடுத்துவிட்டேன். எதற்காக இதை இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

இரவுப்பறவை: கடற்கரைக் காட்சியைக் கவனித்தீர்களா? பெற்றோர் கடலோடு போய்விட, குழந்தை தனியாகக் கதறுகிறது. அந்த வேற்றுகிரகப் பெண் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். படத்தை நிறுத்திவிட்டுத் தொட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் இன்னொன்று: வேனுக்குள் கேமராக்களை மறைத்து வைத்து கிளாஸ்கோ தெருக்களில் எடுத்தார்கள். அவளிடம் பேசுகிறவர்களில் பலர் நடிகர்களே இல்லை. அதனால்தான் சாதாரண மனிதர்கள் அவ்வளவு விசித்திரமாகத் தெரிகிறார்கள். அந்நியம் நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

சும்மாஒருத்தன்: முடிவு எனக்கும் இழுவைதான். ஆனால் மிக்கா லெவியின் இசை! வயோலா தேனீக்கூட்டம் மாதிரி இரைகிறது. கேக்கை வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் துப்புவாளே, பாவமாக இருந்தது.

கடைசிவரிசை: கேக்கா? அப்போது நான் கைபேசியில் இருந்திருப்பேன். சரி, ஞாயிற்றுக்கிழமை ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை.