திருமணமானவருக்குத் திருத்தொண்டர் பணிக்கான அழைப்பு: எவ்வாறு தெளிந்து தேர்வது?

கேள்வி

அன்பார்ந்த அனைவருக்கும் வணக்கம். நான் திருமணமானவன், பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) வாசகராகவும், நற்கருணை வழங்க உதவும் நற்கருணைப் பணியாளராகவும் பல ஆண்டுகளாகப் பணி செய்து வருகிறேன். எங்கள் மறைமாவட்டத்தில் நிரந்தரத் திருத்தொண்டர்கள் (குருவாகாமல் திருத்தொண்டர் நிலையிலேயே தொடர்ந்து பணியாற்றுபவர்கள்) உள்ளனர். அண்மையில் எங்கள் பங்குத்தந்தை, இப்பணியைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா என்று என்னிடம் கேட்டார். அந்த எண்ணம் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே என்னுள் இருந்ததால், அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

என் ஐயம் இதுதான். திருப்பலியின்போது பீடத்தருகே நிற்பதில் எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியையே இறையழைத்தல் என்று நான் எண்ணிக்கொள்கிறேனா, அல்லது உண்மையிலேயே ஆண்டவர் அழைக்கிறாரா என்பதை எவ்வாறு அறிவது? "உங்களுக்கு அது நல்லதென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்" என்கிறார் என் மனைவி. இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? விண்ணப்பிக்கும் முன்னர் என்னை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்? இப்பாதையை அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1 (நிரந்தரத் திருத்தொண்டர் ஒருவர்)

சகோதரரே, பீடத்தின் மீதுள்ள ஈர்ப்பு குற்றமன்று. ஆனால் அது மட்டுமே இருந்தால் போதாது. திருத்தொண்டரின் பணி திருவழிபாடு, இறைவார்த்தை, அன்புப்பணி ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதபடி இணைந்தது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65இல் கூடிய உலக ஆயர்களின் பேரவை), திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டின் 29ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. திருத்தொண்டர் திருமுழுக்கு வழங்கலாம். திருச்சபையின் பெயரால் திருமணத்தை முன்னின்று நடத்தி ஆசீர்வதிக்கலாம். நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம். அடக்கச் சடங்கை நடத்தலாம். திருப்பலி நிறைவேற்றவோ, ஒப்புரவு அருளடையாளத்தில் பாவமன்னிப்பு அளிக்கவோ, நோயில்பூசுதல் (நோயுற்றோருக்கு எண்ணெய் பூசும் அருளடையாளம்) வழங்கவோ அவரால் இயலாது. இந்த எல்லைகளைப் படிக்கும்போது, குருவாகும் வாய்ப்பு இல்லாததால் இதையாவது ஏற்றுக்கொள்வோம் என்ற ஏக்கம் உள்ளத்தில் எழுகிறதா என்று முதலில் பாருங்கள். எழுந்தால் அதை மறைக்காமல் உங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லுங்கள். திருத்தொண்டர் பாதிக் குருவல்லர். 2009ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1009ஆம் சட்டத்தில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தார். ஆயர்களும் குருக்களும் தலையாகிய கிறிஸ்துவின் ஆள்நிலையில் (அவருடைய இடத்தில் நின்று) செயல்படும் ஆற்றலைப் பெறுகிறார்கள் என்றும், திருத்தொண்டர்கள் மேற்கூறிய மூன்று வழிகளிலும் இறைமக்களுக்குத் தொண்டாற்றும் ஆற்றலைப் பெறுகிறார்கள் என்றும் அப்பத்தி வேறுபடுத்திக் காட்டுகிறது.

ஆகவே, உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்று உண்டு. வழிபாட்டோடு தொடர்பில்லாத, எவர் கண்ணிலும் படாத ஒரு தொண்டை இப்போதே தொடங்குங்கள். சிறையில் இருப்போரைச் சந்திப்பது, நெடுங்காலமாகப் படுக்கையில் இருக்கும் நோயாளியின் அருகே அமர்வது, யாரும் தேடி வராத முதியோருக்குத் துணையாக இருப்பது என எதுவாகவும் இருக்கட்டும். சில வாரங்களோடு நிறுத்திவிடாமல், தொடக்க ஆர்வம் வடிந்து, நன்றி சொல்ல எவரும் இல்லாத நிலை வரும்வரை செய்யுங்கள். அந்நிலையிலும் அங்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்ற விருப்பமும், செபத்தில் ஓர் அமைதியும் நிலைத்திருந்தால், அதைப் பொருட்படுத்தத் தகுந்த அடையாளமாகக் கொள்ளலாம். இடையில் செபத்தில் வறட்சி வரும். ஆறுதலற்ற வேளையில் முன்னர் எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்னும் புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை எனக்கு அந்நாள்களில் பெரிதும் உதவியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் பந்திப் பணிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவருள் எவரும் தம்மைத் தாமே முன்னிறுத்தவில்லை. நற்சான்று பெற்றவர்களைச் சீடர்கள் தேர்ந்து நிறுத்த, திருத்தூதர்கள் இறைவேண்டல் செய்து அவர்கள்மீது கைகளை வைத்தார்கள். உங்கள் பங்குத்தந்தை தாமாகவே வந்து கேட்டதைச் சிறிதாக எண்ணாதீர்கள். அதே வேளையில், உங்களை அன்றாடம் பார்ப்பவர்களிடம், குறிப்பாக உங்கள் குறைகளை அறிந்தவர்களிடம், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மறுமொழி 2 (திருத்தொண்டர் ஒருவரின் மனைவி)

சகோதரரே, உங்கள் மனைவி சொன்னது மறுப்பன்று. ஆனால் அது இன்னும் சம்மதமும் ஆகவில்லை என்றே நான் கருதுகிறேன். திருமணமானவர் 35 வயது நிறைவடைந்த பின்னரே, அதுவும் மனைவியின் சம்மதத்தோடு மட்டுமே, நிரந்தரத் திருத்தொண்டராகலாம் என்று 1031ஆம் சட்டம் கூறுகிறது. திருச்சபை இதைச் சட்டமாகவே வைத்திருப்பதற்குக் காரணம், கணவர் பெறும் அருளடையாளம் மனைவியின் வாழ்வையும் மாற்றிவிடுகிறது என்பதே.

என் கணவர் முதன்முதலில் கேட்டபோது, "இப்போது வேண்டாம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, முகம் வாடவும் இல்லை. காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் இந்த விருப்பம் ஆண்டவரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. பின்னர் உருவாக்கப் பயிற்சி வகுப்புகளுக்கு நானும் சென்றேன்.

நீங்கள் இருவரும் வெளிப்படையாகப் பேச வேண்டியவை சில உண்டு. ஞாயிறுகளும் பெருவிழாக்களும் இனிக் குடும்பத்துக்கு மட்டும் உரியவையாக இரா. உலகத் தொழிலில் ஊதியம் பெறுகிற அல்லது பெற்றுவந்த திருத்தொண்டர் அந்த வருவாயிலேயே தம் தேவைகளையும் குடும்பத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது 281ஆம் சட்டம். பேசுவதற்கு மிகக் கடினமானது மூன்றாவது. திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் (ஆயர் கைகளை வைத்து இப்பணிக்கு அருள்பொழிவு செய்யப்பட்டவர்) மனைவியை இழக்க நேர்ந்தால் மறுமணம் செய்துகொள்ள இயலாது. அந்தத் தடையை நீக்கும் அதிகாரம் திருப்பீடத்துக்கு (உரோமையிலுள்ள திருத்தந்தையின் தலைமையகத்துக்கு) மட்டுமே உண்டு. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது இதன் பொருள் என்ன என்று நாங்கள் இருவரும் பல இரவுகள் பேசினோம். சங்கடமாக இருக்கிறது என்று இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு எவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவை அனைத்தையும் அறிந்த பின்பு உங்கள் மனைவி தம் வாயால் சொல்லும் ஆம் என்ற சொல்லே சம்மதம்.

மறுமொழி 3 (மறைமாவட்ட உருவாக்கக் குழுவில் பணியாற்றுபவர்)

நடைமுறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபைக்கு உரியதையே சொல்கிறேன். 1967ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் இப்பணிக்கான விதிமுறைகளை வகுத்தார். 1998இல் உரோமை வெளியிட்ட உருவாக்க நெறிமுறைகள் இன்றைய பயிற்சிக்கு அடித்தளமாக உள்ளன. முதலில் விண்ணப்பிப்பவரும் குழுவினரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் ஒரு முன்தயாரிப்புக் காலம் இருக்கும். அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் பயிற்சி நடைபெறும். அதில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் 1000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வேலைக்கும் செல்பவருக்கு இது பெரும் சுமை என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) ஆகிய பணிகளை முறைப்படி பெற்று நிறைவேற்றியிருக்க வேண்டும். பீடத்துணைவர் பணி பெற்றதற்கும் திருநிலைப்பாட்டுக்கும் இடையே குறைந்தது ஆறு மாதங்கள் தேவை. நீங்கள் இப்போது பங்கில் வாசித்துவருவது இந்த முறையான பணியேற்புக்கு ஈடாகாது. திருநிலைப்பாட்டுக்கு முன் குறைந்தது ஐந்து நாள் தியானம் கட்டாயம். எவருடைய வற்புறுத்தலுமின்றி முழுச் சுதந்திரத்தோடு இதை ஏற்கிறேன் என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

ஆவணங்களைத் திரட்டுவது எளிது. நாங்கள் கூர்ந்து பார்ப்பவை வேறு. குடும்பம் எவ்வாறு நடத்தப்படுகிறது, தீர்க்கப்படாத கடன் உண்டா, தம்மோடு கருத்து வேறுபடும் பங்குத்தந்தையிடம் அவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பவற்றையே நாங்கள் கேட்டறிகிறோம். முதலில் சோதித்தறியப்பட வேண்டும் என்று 1 திமொத்தேயு 3:10 கூறுவதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இப்போதே தொடங்கக்கூடியது காலைப் புகழும் மாலைப் புகழும் (திருச்சபையின் காலை, மாலை நேரச் செபங்கள்). பின்னாளில் கடமையாக வரப்போகும் செபத்தை, கடமையாகும் முன்பே விரும்பிச் செய்யப் பழகுங்கள். இயலும்போது மனைவியோடு சேர்ந்து செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சகோதரி எழுதியதை என் மனைவியிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். மறுமணத் தடையைப் பற்றி இருவருமே அறிந்திருக்கவில்லை. நெடுநேரம் பேசிய பின், "தொடங்கிவிட்டுப் பாதியில் நமக்கு இல்லை என்று தெரிந்தால், பங்கில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். எனக்கும் அந்த அச்சம் உண்டு.

மறுமொழி 4 (பயிற்சியிலிருந்து விலகிய ஒருவர்)

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்ல முடியும். நான் முன்தயாரிப்புக் காலத்தைக் கடந்து, முதலாம் ஆண்டுப் பயிற்சியின் நடுவே விலகியவன். எந்தக் குற்றமும் நிகழவில்லை. எவரும் என்னை விலக்கவில்லை. ஆன்ம வழிகாட்டியோடு பேசப் பேச, நான் விரும்பியது மருத்துவமனையில் நோயாளிகளோடு இருப்பதையே என்றும், அதற்குத் திருநிலைப்பாடு எனக்குத் தேவையில்லை என்றும் தெளிவாயிற்று. திருநிலைப்படுத்தப்படும் நாள்வரை வேட்பாளர் எந்த வாக்குறுதியாலும் கட்டுண்டவர் அல்லர். இவர் ஏற்றவரல்லர் என்று முடிவு செய்யும் பொறுப்பும் ஆயருக்கு உண்டு. திருநிலைப்பாட்டைத் தம் உரிமை என்று எவரும் கோர முடியாது. இல்லை என்ற விடைக்கும் இடம் இருப்பதால்தான் இதைத் தெளிந்து தேர்தல் என்கிறோம்.

பங்கில் சிலர் கேட்டார்கள் என்பது உண்மை. நானும் என் மனைவியும் ஒரே விடையைச் சொன்னோம். சில மாதங்களில் கேள்விகள் நின்றுவிட்டன. எனவே விண்ணப்பிப்பதை இப்போதே அறிவிக்க வேண்டாம்; பங்குத்தந்தையும் நெருங்கிய சிலரும் அறிந்தால் போதும். முதல் தகவல் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். உங்கள் மனைவி தம் கேள்விகளை அங்குள்ள திருத்தொண்டர்களின் மனைவியரிடம் நீங்கள் உடனில்லாமல் தனியே கேட்க வாய்ப்பு அளியுங்கள். விண்ணப்பப் படிவத்தை அன்றே வாங்கி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.